கொடை நிதி நின்ற பிறகு: எதை யார் சுமப்பது?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை 90 நாளைக்கு நிறுத்திவைத்தது. ஜூலை 1 வந்தபோது அதன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் உதவித் திட்டங்களை நடத்துவதையே விட்டிருந்தது. அந்த மாதங்களில் முதலில் தீர்ந்தது எல்லா இடத்திலும் மருந்தாக இருக்கவில்லை. தென் ஆப்பிரிக்கா தனக்கு வேண்டிய எச்ஐவி மருந்துகளைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வாங்கும் நாடு. அதன் எச்ஐவி செலவில் அமெரிக்கப் பணம் சுமார் 17 சதவீதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கியவர்கள் யார்? ஆலோசகர்கள், தரவுப் பதிவாளர்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைத் தேடிப்போய் அழைத்து வருபவர்கள். மருந்து அலமாரியில் இருந்தது. அதை நோயாளியின் கைவரை கொண்டு சேர்த்த ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கொடையாளர் விலகப்போகிறார் என்று தெரிந்ததும் எல்லாக் கூட்டங்களிலும் கேட்கப்படும் கேள்வி, "திட்டத்தை இனி யார் எடுத்து நடத்துவது?" என்பதுதான். அந்தக் கேள்வியே தவறு. ஒரு சுகாதாரத் திட்டம் ஒரே பொட்டலம் அல்ல. மருந்து வாங்குவதற்குச் சரியான வழி களப்பணியாளருக்குச் சம்பளம் தருவதற்குச் சரியாக வராது. ஆய்வகத்துக்குப் பொருந்துவது கிராமத்துக்குள் போய்ச் செய்யும் வேலைக்குப் பொருந்தாது. பொட்டலத்தை முதலில் பிரிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியாக வழி தேட வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த அடிப்படையில்தான்.

கணக்கைப் பிரிப்பது எப்படி

கொடையாளருக்கு அனுப்பும் நிதி அறிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது. அதில் "தொழில்நுட்ப உதவி", "திறன் மேம்பாடு", "திட்ட மேலாண்மை" என்று தலைப்புகள் இருக்கும். அவற்றுக்குள் பெட்ரோல், சிம் கார்டு, குளிர்பதனப் பெட்டி பழுது, இரவுக் காவலர் சம்பளம் எல்லாம் ஒளிந்திருக்கும். கடந்த 12 மாத வவுச்சர்களை எடுத்து வைத்துக்கொண்டு, பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்று பார்த்து நான்காகப் பிரியுங்கள்: மருந்தும் பொருளும்; ஆட்களின் சம்பளம்; ஆய்வகம், இயந்திரம், தரவு; சமூகத்துக்குள் போய்ச் செய்யும் வேலை. சராசரித் திட்டத்துக்கு ஒரு கணக்காளரும் ஒரு திட்ட அலுவலரும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இது. இதைச் செய்யாமல் நிதித்துறையிடம் போகும் கோரிக்கை, மொத்தத் தொகையைப் பார்த்த மாத்திரத்தில் திரும்பிவிடும்.

பிரித்துப் பார்த்தால் சில சின்னச் செலவுகள் எவ்வளவு பெரிய எடையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்பது தெரியும். காசநோய்த் திட்டம் ஒன்றில் சளி மாதிரிகளைச் சுமந்து வரும் மோட்டார் சைக்கிள்காரரைப் பாருங்கள். ஆறு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வாரம் இரண்டு முறை போய், மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் எடுத்துவந்து, காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் இருக்கும் ஆய்வகத்தில் கொடுப்பது அவர் வேலை. நான்கு மாட்யூல் (ஒரு நேரத்தில் ஒரு மாதிரியைச் சோதிக்கும் அறை) கொண்ட இயந்திரம் எட்டு மணி நேரப் பணிநாளில் சுமார் 12 முதல் 16 பரிசோதனை செய்யும். அந்த மனிதரின் கூலியும் பெட்ரோலும் நின்றால், ஆய்வக வாசலுக்குத் தாமாக நடந்து வருபவர்களின் மாதிரி மட்டும்தான் வரும்; நாளுக்கு மூன்றோ நான்கோ. 2023இல் 9.98 டாலரிலிருந்து 7.97 டாலராக இறங்கிய, பரிசோதனைக்கு ஒன்றாகத் தேவைப்படும் கார்ட்ரிட்ஜ், பெட்டியோடு காலாவதியாகும். இயந்திரம் கெடவில்லை, கார்ட்ரிட்ஜுக்கும் பணம் இருக்கிறது, ஆனாலும் காசநோய் கண்டுபிடிப்பு சரிகிறது. காரணம் எந்த அறிக்கையிலும் வராது.

அரசு பட்ஜெட்டில் சேர்ப்பது

நிலைத்து நிற்கக்கூடிய வழி இதுதான். ஆட்களின் சம்பளத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் "அரசு ஏற்றுக்கொள்ளும்" என்ற ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒப்புதல் பெற்ற பணியிடம் வேண்டும். அதற்கு ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும். அந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணம் உரிய காலாண்டில் விடுவிக்கப்பட வேண்டும். பெரும்பாலான கைமாற்றங்கள் மூன்றாவதில்தான் விழுகின்றன. ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கும், விடுவிப்பு நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் வரும். இடையில் ஒன்பது மாதம் சம்பளமில்லாமல் யார் வேலை பார்ப்பார்கள்?

சம்பள அளவும் ஒரு பொறி. கொடைத் திட்டம் ஒரு மருந்தாளுநருக்கோ தரவு மேலாளருக்கோ தருவது அரசு ஊதிய விகிதத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும். கைமாறும் நாளில் அதே ஆளிடம் பாதிச் சம்பளத்துக்கு வரச் சொன்னால், திறமையானவர்கள் அடுத்த கொடைத் திட்டத்துக்குப் போய்விடுவார்கள். இதற்கு ஒரே மருந்து, கைமாற்றத்துக்கு இரண்டு ஆண்டு முன்பிருந்தே புதிதாக எடுக்கும் ஆட்களை அரசு விகிதத்தில் எடுப்பது, பழையவர்களின் மேல்படியைப் படிப்படியாகக் குறைப்பது. கசப்பானதுதான். ஆனால் ஒரே நாளில் வெட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இந்தியாவில் கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் தொடங்கிய ஆவஹன் எச்ஐவி தடுப்புத் திட்டம் அரசின் கைக்குப் போன விதம் இதில் பாடம். ஒரே நாளில் அல்லாமல் மூன்று சுற்றில் மாற்றினார்கள்: 2009இல் சுமார் 10 சதவீதம், 2011இல் 20 சதவீதம், 2012இல் மீதி 70 சதவீதம். முதல் சுற்றில் பட்ட அடி பின்னால் வந்த சுற்றுகளுக்குப் பயன்பட்டது. கைமாறும் முன்பே அரசின் செலவு விதிகளுக்கும் அறிக்கைப் படிவங்களுக்கும் ஆட்களின் எண்ணிக்கை விதிக்கும் திட்டத்தைப் பழக்கினார்கள். அதனால் மாறும் நாளில் தூக்கிவாரிப் போடவில்லை. அப்படியும் அரசு நிதி தாமதமாக வந்த இடங்கள் இருந்தன. நன்றாகத் திட்டமிட்ட கைமாற்றத்திலேயே இது நடக்கிறது என்றால், திட்டமிடாததில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்ஜெட் வழிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: நோய் குறைந்தால் ஒதுக்கீடும் குறையும். 1963இல் இலங்கையில் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968–69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது. மறுபடி எழுந்து, 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை அது பெற முடிந்தது. 1930கள் தொட்டு 61 நாடுகளில் மலேரியா மீண்டும் தலைதூக்கிய 75 நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், 68 நிகழ்வுகளில் கட்டுப்பாட்டுத் திட்டம் பலவீனமானது ஒரு காரணமாக இருந்தது. அந்தப் பலவீனத்துக்கு அதிகம் சொல்லப்பட்ட காரணம் பணப் பற்றாக்குறை. ஆகவே பட்ஜெட் கோரிக்கையில் "இத்தனை பேருக்குச் சிகிச்சை" என்று மட்டும் எழுதினால், நோயாளிகள் குறைந்த ஆண்டில் அதே எண் உங்களுக்கு எதிராகத் திரும்பும். கண்காணிப்புக்கான ஆள், ஆய்வகம், பூச்சியியல் பணி ஆகியவற்றை நோயாளிகளின் எண்ணிக்கையோடு கட்டாமல் தனி வரியாக வைக்க வேண்டும்.

காப்பீட்டுத் தொகுப்பில் சேர்ப்பது

மாத்திரை, பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு. எண்ணி விலை போடக்கூடியவை எல்லாம் தேசியக் காப்பீட்டில் நன்றாகப் பொருந்தும். தாய்லாந்து தன் அனைவருக்குமான காப்பீட்டுத் திட்டத்தில் எச்ஐவி மருந்தை 2006இல் சேர்த்தது. வியட்நாம் 2019இல் எச்ஐவி மருந்துக்குச் சமூகக் காப்பீட்டிலிருந்து பணம் தரத் தொடங்கியது. மருந்தை விலை கொடுத்து வாங்கும் பொறுப்பு கொடையாளரிடமிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறியது.

வியட்நாமில் எதையெல்லாம் சரி செய்ய வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால் இந்த வழியின் விலை புரியும். கொடைப் பணத்தில் நடந்த எச்ஐவி சிகிச்சை மையங்கள் பல, காப்பீடு பணம் தரக்கூடிய மருத்துவமனைப் பட்டியலில் இல்லை. அவற்றை மருத்துவமனைகளோடு இணைத்த பிறகுதான் ஒரு ரசீதுகூடப் போட முடிந்தது. நோயாளிகள் பலரிடம் காப்பீட்டு அட்டை இல்லை. சிலரிடம் அட்டை வாங்கத் தேவையான அடையாள ஆவணமே இல்லை. அட்டை இருந்தும் காட்டப் பயந்தவர்கள் இருந்தார்கள், ஊரில் தெரிந்துவிடும் என்று. நோயாளிகளிடையே காப்பீடு 90 சதவீதத்தைத் தாண்டியது பல ஆண்டு உழைப்பின் பலன். பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கு அரசே கட்டியது.

காப்பீடு எதைச் சுமக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனைக்கு வராதவருக்காகச் செய்யும் வேலைக்கு ரசீது கிடையாது. போதை ஊசி பயன்படுத்துபவர்களுக்குச் சுத்தமான ஊசி மாற்றித் தருவது, நோயாளியோடு பழகியவர்களைக் கண்டறிவது, கொசு மருந்துத் தெளிப்பு, பள்ளிக் குடற்புழு நீக்கம் எதற்கும் காப்பீட்டு நிறுவனத்தில் குறியீட்டு எண் இருக்காது. காப்பீட்டில் சேர்த்ததும் திட்டம் காப்பாற்றப்பட்டுவிட்டதாக அறிவித்துவிட்டு, தடுப்பு வேலையைப் பட்டினி போட்டுக் கொல்வது அடிக்கடி நடக்கிறது.

தனி வரி, மேல்வரி

ஜிம்பாப்வே 1999இல் எய்ட்ஸ் மேல்வரியைக் கொண்டுவந்தது: செலுத்த வேண்டிய வருமான வரியின் மேல் 3 சதவீதம். அதில் பாதி எச்ஐவி மருந்துக்கு. துணிச்சலான முடிவு அது. கொடையாளர்கள் தயங்கிய ஆண்டுகளிலும் பணம் வந்துகொண்டிருந்தது. 2008இன் பணவீக்கத்தில் அந்த வரியும் உள்ளூர் நாணயத்தோடு சேர்ந்து ஆவியானது. டாலரில் பரிவர்த்தனை தொடங்கிய பிறகே மறுபடி எழுந்தது. மருந்தின் விலை டாலரிலும் வரி உள்ளூர் நாணயத்திலும் இருக்கும் எந்த நாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கானாவின் கதை வேறு. 2003இல் தேசியச் சுகாதாரக் காப்பீட்டுக்காக 2.5 சதவீத வரி விதித்தார்கள். 2017இல் வந்த ஒரு சட்டம், இப்படி ஒதுக்கிவைத்த நிதிகளுக்கெல்லாம் உச்சவரம்பு போட்டது. வரி வசூல் தொடர்ந்தது, காப்பீட்டுக்குப் போன பங்கு சுருங்கியது. 2025 பட்ஜெட்டில்தான் அந்த வரம்பை நீக்கினார்கள். தனி வரியைச் சட்டத்தில் எழுதும்போது, வசூலான பணம் எத்தனை நாளுக்குள் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை எழுதாவிட்டால் வரி இருக்கும், பணம் இருக்காது. புகையிலை, மது வரியை உயர்த்தி அதன் கூடுதல் வருவாயைச் சுகாதாரத்துக்குத் திருப்பிய பிலிப்பைன்ஸின் 2012 சட்டம் இந்த வகையில் வலுவானது. அங்கே வரி வருவாய் தருவதோடு நோயையும் குறைக்கிறது. ஆனால் இது நாடாளுமன்றம்வரை போக வேண்டிய வேலை. மானியம் முடிய ஒரு ஆண்டே இருக்கும் திட்டத்துக்கு இது விடை அல்ல.

மூலதன நிதியம்

ஒரு பெரும் தொகையை முதலீடு செய்து, அதன் வருமானத்தை மட்டும் செலவு செய்யும் வழி இது. சின்ன நாட்டுக்கு, குறுகிய பட்டியலுக்கு நல்லது. பூட்டான் 1998இல் தொடங்கிய சுகாதார நிதியத்துக்கு 2.4 கோடி டாலர் இலக்கு வைத்தது. தடுப்பூசியும் அத்தியாவசிய மருந்தும் வாங்குவதுதான் நோக்கம். கணக்கு எளிது. பணவீக்கம் போக 4 சதவீதம் ஈட்டினால் 2.4 கோடி டாலர் ஆண்டுக்கு 9.6 லட்சம் டாலர் தரும், மூலதனம் கரையாமல். ஏழெட்டு லட்சம் மக்கள் உள்ள நாட்டின் தடுப்பூசிச் செலவுக்கு அது கணிசமான தொகை. ஐந்து கோடி மக்கள் உள்ள நாட்டில் இதே வழியில் போனால் முதலீடு செய்ய வேண்டிய தொகை, நேராக மருந்து வாங்கியிருந்தால் பல ஆண்டுக்கு வந்திருக்கும். கொடையாளர் கடைசியாக ஒரு பெரும் தொகையைத் தரத் தயாராக இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். அப்போதும் எடுக்கும் விதியை (ஆண்டுக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் தொடக்கூடாது என்பதை) சாசனத்திலேயே எழுதிவிடுங்கள்.

தன்னார்வ அமைப்புகளுக்கு அரசு ஒப்பந்தம்

நான்கு கூறுகளில் எப்போதும் அநாதையாவது சமூகத்துக்குள் போய்ச் செய்யும் வேலை. அதைக் காப்பாற்ற நடைமுறையில் இதைத் தவிர வழியில்லை. அரசு ஊழியர் போக முடியாத இடங்கள் உண்டு. போதை ஊசி பயன்படுத்துபவர், பாலியல் தொழிலாளி, ஆவணமில்லாத குடியேறி ஆகியோர் சீருடை போட்டவரிடம் வரமாட்டார்கள்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா சாட்சி. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான குளோபல் ஃபண்டின் எச்ஐவி மானியம் அங்கே 2010இல் முடிந்தது. சிகிச்சையை அரசு ஏற்றுக்கொண்டது. ஊசி மாற்றித் தரும் பணியை அது ஏற்கவில்லை. புதிய எச்ஐவி தொற்றுகளில் ஊசி வழி பரவியவை 2010இல் சுமார் 3 சதவீதமாக இருந்தன, 2013இல் ஏறக்குறைய 30 சதவீதமாயின. அதே காலத்தில் நாளுக்குப் பலமுறை குத்திக்கொள்ள வைக்கும் புதுவகைப் போதைப்பொருட்கள் சந்தைக்கு வந்ததும் சேர்ந்துகொண்டது. சுத்தமான ஊசி அதிகம் தேவைப்பட்ட நேரத்தில்தான் ஊசி குறைந்தது. ஒரு ஊசியின் விலை சில காசு. ஒரு தொற்றுக்கு வாழ்நாள் முழுக்க மருந்து. அந்தக் கணக்கை யாரும் போடாமல் விட்டது மன்னிக்க முடியாதது.

ஒப்பந்தம் போடலாம் என்று தீர்மானித்த பிறகும் நுணுக்கத்தில் பல அமைப்புகள் விழுகின்றன. சாலை போடும் ஒப்பந்ததாரருக்கு எழுதிய டெண்டர் விதிகளையே இவர்களுக்கும் வைப்பார்கள்: வங்கி உத்தரவாதம், மூன்றாண்டு விற்றுமுதல், வேலை முடிந்த பிறகு பணம். பத்துப் பேர் வேலை செய்யும் அமைப்பிடம் மூன்று மாதச் சம்பளத்துக்கான கைப்பணம் இருக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் காலாண்டு முன்பணம் இருக்க வேண்டும். பயன்பாட்டுச் சான்று கொடுத்த 30 நாளுக்குள் அடுத்த தவணை வர வேண்டும். பிணைத்தொகைக்கு விலக்கு வேண்டும். விலையை வேலை செய்யும் பணியாளர் கணக்கில் போடுவதா, எட்டிய நபர் கணக்கில் போடுவதா என்பதில் எங்கள் கருத்து தெளிவானது: முதல் இரண்டு ஆண்டு பணியாளர் கணக்கு. எட்டிய நபர் கணக்கில் போட்டால் எளிதில் கிடைப்பவர்களையே திரும்பத் திரும்ப எட்டுவார்கள். கடினமானவர்கள் விடுபடுவார்கள். கொடையாளர் இன்னும் இருக்கும்போதே ஒன்றிரண்டு ஒப்பந்தங்களை அரசுப் பணத்தில் போட்டுப் பார்ப்பது அவசியம். முதல் தணிக்கை ஆட்சேபணை வந்து தீர்ந்த பிறகுதான் அதிகாரிகளுக்குக் கையெழுத்துப் போடத் துணிவு வரும்.

நோயாளியிடம் கட்டணம்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கென்யாவில் குடற்புழு மாத்திரைக்கு ஒரு குழந்தைக்குச் சராசரியாக 30 சென்ட் வசூலித்தபோது, மாத்திரை எடுத்தவர்கள் 75 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கும் கீழே போனார்கள். கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கொசுவலைக்கு 60 சென்ட் விலை வைத்தபோது, வாங்கியவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளி சரிந்தது. வசூலாகும் தொகை செலவின் சிறு துளி. இழக்கும் பாதுகாப்போ பெரியது. தொற்றுநோய்த் தடுப்புக்குக் கட்டணம் வைப்பதை வழிகளின் பட்டியலிலேயே சேர்க்கக்கூடாது.

கொள்முதல்: பணம் இருந்தும் மருந்து தீரும் இடம்

கொடையாளர் தந்தது பணம் மட்டுமல்ல, வாங்கும் சக்தியும்கூட. பல நாடுகளுக்காக ஒன்றாகச் சேர்த்து வாங்கியதால்தான் முதல்வரிசை எச்ஐவி மாத்திரையின் விலை 2023இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டாலருக்குக் கீழே வந்தது. தனியாக டெண்டர் விடும் சிறு நாட்டுக்கு அந்த விலை கிடைக்காது. பல நேரங்களில் விலைப்புள்ளி தரவே யாரும் வரமாட்டார்கள்.

எனவே நிதி எங்கிருந்து வந்தாலும், வாங்கும் வழியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூனிசெஃப் வழியாக வாங்கலாம். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு 1977 முதல் பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பின் (பாஹோ) சுழல் நிதி, அதாவது தடுப்பூசியைக் கூட்டாக வாங்கும் ஏற்பாடு, இருக்கிறது. காசநோய் மருந்துக்கு 'உலகளாவிய மருந்து வசதி' என்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு உண்டு. குளோபல் ஃபண்டின் மின்னணுக் கொள்முதல் தளம் உள்நாட்டுப் பணத்துக்கும் திறந்திருக்கிறது. விலையில் உள்ளூர் டெண்டரைவிடப் பெரும்பாலும் மலிவு, தரத்தில் கவலை குறைவு.

தடை வேறிடத்தில். யூனிசெஃப் பொதுவாக முன்பணம் கேட்கும்; பல நாடுகளின் கொள்முதல் விதியோ பொருள் வந்த பிறகுதான் பணம் என்கிறது. அந்த மருந்து உள்நாட்டில் பதிவு செய்யப்படாமல், இதுவரை கொடையாளருக்கான விலக்கில் வந்துகொண்டிருக்கும். கொடைப்பொருள் என்பதால் சுங்கவரி இருந்திருக்காது. அரசு தன் பணத்தில் வாங்கும்போது அதே அரசின் சுங்கத்துறை வரி கேட்கும். மூன்றுக்கும் தனித்தனி ஆணை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு ஆண்டு ஆகும். முன்பணச் சிக்கலுக்கு 1991 முதல் யூனிசெஃப்பின் தடுப்பூசிச் சுயசார்பு ஏற்பாடு உதவுகிறது. நாடு பின்னால் கட்டும் என்ற உறுதியின் பேரில் அது முன்கூட்டிப் பணம் போட்டு வாங்கித் தரும்.

காலக் கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் பார்ப்போம். 12,000 பேர் தினமும் ஒரு மாத்திரை எடுக்கிறார்கள், 90 மாத்திரை கொண்ட குப்பி. ஆண்டுக்கு 12,000 × 365 ÷ 90, அதாவது சுமார் 48,700 குப்பி. மூன்று மாதப் பாதுகாப்பு இருப்பு என்றால் இன்னும் 12,200. இப்போது அரசின் முதல் கொள்முதலுக்கு ஆகும் நாளைக் கூட்டுங்கள்: பட்ஜெட் நிறைவேறியதிலிருந்து பணம் விடுவிக்க 2 மாதம், டெண்டர் 4 மாதம், தயாரித்து அனுப்ப 3 மாதம், துறைமுகம், தரச் சோதனை, கிடங்கு எல்லாம் சேர்ந்து 1 மாதம். மொத்தம் 10. கொடையாளரின் கடைசிச் சரக்கு வந்த பிறகு கிடங்கில் 4 மாத இருப்பு என்றால், 6 மாதம் வெற்றிடம். சுமார் 24,300 குப்பி. இந்த எண்ணைக் கொடையாளரின் கடைசி ஆர்டருக்கு முன்பே போட்டுக் காட்டினால், பெரும்பாலும் அவர்களே அந்த அளவைக் கூட்டி வாங்கித் தருவார்கள். மானியத்தில் மிச்சம் இருக்கும் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு வேறில்லை. காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 13 மாத (10 மாதத் தேவை, 3 மாதப் பாதுகாப்பு) இருப்பைச் சுமக்கும் சரக்குக்கு, வந்து சேரும்போது குறைந்தது 18 மாத ஆயுள் மிச்சமிருக்க வேண்டும்.

கொசுவலைக்கு இதே கணக்கு வேறு வடிவத்தில் வரும். வலையின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டு. கொடையாளர் ஒரே ஆண்டில் நாடு முழுக்க விநியோகித்துவிட்டுப் போனால், எல்லா வலையும் ஒரே ஆண்டில் கிழியும். கடைசி விநியோகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அப்போது பட்ஜெட்டில் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கேட்க முடியும்.

இயந்திரமும் தரவும்

இங்கே பெரிய தொகை எதுவும் இல்லை, ஆனால் கையெழுத்துகள் முக்கியம். ஜீன்எக்ஸ்பர்ட் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத்தான் போகும். நான்கில் ஒன்று போனால் யாரும் கவலைப்படமாட்டார்கள், மூன்று போன பிறகு கோப்பு நகரும். பராமரிப்பு ஒப்பந்தம் கொடைத் திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் பெயரில் இருக்கும்; மானியம் முடிந்த மறுநாள் சேவைப் பொறியாளர் வரமாட்டார். ஒப்பந்தத்தை ஆய்வகம் உள்ள மருத்துவமனையின் பெயருக்கு, இன்னும் செல்லுபடியாகும்போதே மாற்ற வேண்டும். யுபிஎஸ் பேட்டரி, அறைக் குளிர்சாதனம், ஆண்டு அளவுத்திருத்தம் மூன்றும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும்; அவற்றுக்கு மருத்துவமனையின் பராமரிப்புத் தலைப்பில் தனி வரி போட வேண்டும்.

தரவில் இன்னும் மோசம். சுகாதாரத் தரவைப் பதிந்து தொகுக்கும் டிஎச்ஐஎஸ் 2 மென்பொருள் இலவசம். அது ஓடும் சர்வரின் வாடகை, டொமைன் புதுப்பிப்பு, தினசரிக் காப்புப்பிரதி, சுகாதார நிலையங்களின் டேட்டா சிம் ஆகியவை இலவசம் அல்ல. சர்வர் கணக்கு யார் பெயரில், யார் கடன் அட்டையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நிர்வாகிக் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் ஒப்பந்தம் முடிந்து போகப்போகிறவராக இருந்தால், பத்தாண்டு நோயாளிப் பதிவுகள் அவரோடு போகும். அமைச்சகத்தின் இரண்டு ஊழியர்கள் தாமாகவே காப்புப்பிரதியிலிருந்து முழு அமைப்பையும் மீட்டுக் காட்டும்வரை கைமாற்றம் நடந்ததாக எழுதக்கூடாது.

எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து

காவி தடுப்பூசிக் கூட்டணி 2022இல், நாடுகள் தடுப்பூசிச் செலவைப் படிப்படியாகத் தாமே ஏற்கும் தன் 'வேகமான விலகல்' காலத்தையே 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக நீட்டியது. ஒழுங்காகச் செய்ய அவ்வளவு காலம் வேண்டும் என்பதுதான் அனுபவம். மூன்று ஆண்டாவது கையில் இருந்தால் எங்கள் தேர்வு இது: சம்பளம் பட்ஜெட்டுக்கு, மாத்திரையும் பரிசோதனையும் காப்பீட்டுக்கு (காப்பீடு உண்மையில் ஏழைகளை எட்டும் நாட்டில் மட்டும்; இல்லையென்றால் அதுவும் பட்ஜெட்டுக்கு), வாங்குவது சர்வதேசக் கூட்டுக் கொள்முதல் வழியாக, சமூகப் பணி ஒப்பந்தத்துக்கு. தனி வரி கிடைத்தால் மேலே சேர்த்துக்கொள்ளலாம், அதன் மேல் கட்டக்கூடாது.

ஆறு மாதமே இருந்தால் இத்தனையும் முடியாது. புதுப் பணியிடம், புதுச் சட்டம் எதுவும் அதற்குள் வராது. அப்போது வரிசை மாறுகிறது. முதலில் இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள். நிலையாக இருக்கும் எச்ஐவி நோயாளிகளுக்கு, இருப்பு அனுமதிக்கும் அளவுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுத்துவிடலாம். காசநோய் மருந்தில் ஒருவரின் முழுச் சிகிச்சைக்கான அளவையும் அவர் பெயர் எழுதிப் பெட்டியாகக் கட்டி வைக்க வேண்டும், நடுவில் தீர்ந்தால் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி உருவாகும். பயிற்சி, பட்டறை, பயணம், அச்சு எல்லாவற்றையும் நிறுத்தி அந்தப் பணத்தைக் கடைசி மருந்து ஆர்டருக்கும் மாதிரி சுமப்பவருக்கும் திருப்புங்கள். கொடையாளரிடம் எழுத்தில் கேட்டால் மானியத்தின் தலைப்புகளுக்குள் இப்படி மாற்றப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

மையம் மூடப்படுகிறது என்றால், நோயாளி ஒவ்வொருவருக்கும் புது மையத்தின் முகவரி, போக வேண்டிய தேதி, அங்கே பார்க்க வேண்டியவரின் பெயர், தன் சிகிச்சைப் பதிவின் நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். புது மையத்துக்கு அதே பெயர்ப் பட்டியல் முன்கூட்டிப் போக வேண்டும். முப்பதாவது நாள் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, வந்து சேராதவர்களைத் தேடிப்போக ஒரு ஆள் வேண்டும். மானியக் கணக்கை மூடும்போது, அந்த ஆளின் மூன்று மாதச் சம்பளத்தை மட்டும் கடைசிவரை வெட்டாமல் வைத்திருங்கள்.